இடக்கை அரிவாள்

ஹைதராபாத்
19.1.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

வேம்பு எழுதுகிறேன். சளி விட்டுவிட்டது, கவலை வேண்டாம். பொங்கலுக்கு வராதவளுக்கு என்ன கடிதம் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். விடுதியில் எனக்கும் பொங்கல் இல்லை, புளிச்சாறுதான் என்று சொல்லுங்கள், மனது இறங்கிவிடும்.

என் ஆராய்ச்சி என்னவென்று போன முறை கேட்டீர்கள். குறியியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு கொடி எப்படிப் பொருள் பெறுகிறது என்று பார்க்கும் படிப்பு. அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துச் செய்கிறேன். குறியைப் படமாக எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், எது எதனோடு உறவு, எது தனி என்று அது பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்கான புரோகிராமை நான் எழுதுகிறேன். சம்பந்தம் பேசுகிறவர்கள் கேட்டால், பெண் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். குறி என்றால் குறி சொல்கிறவள் என்று நினைத்துவிடுவார்கள்.

இப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போட்ட குறிகள் வேண்டும். நம் தெருக்காரர்கள் பத்தொன்பது பேர் குறி போட்ட அந்தப் பழைய தாள் நினைவுக்கு வந்தது. வக்கீல் எடுத்த ஜெராக்ஸ் உங்கள் பெட்டியில் இருக்குமே. அனுப்புவீர்களா? அண்ணன் தம்பி குறிகளில் ஜாடை இருக்கிறதா என்று பார்க்க ஆசை. கையெழுத்துப் போடத் தெரிந்த நீங்களே எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் இன்னும் தாத்தாவின் கொக்குக்கால் குறியைப் போடுகிறீர்களே, அதில் வந்த ஆசைதான் இது.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் மகள்,
வேம்பு


கூத்தன்குடி, நன்னிலம் வட்டம்
2.2.1997

அருமை மகள் வேம்புக்கு,

அப்பாவின் வணக்கம். அம்மா, நான், மாடுகள் எல்லோரும் சுகம். சம்பா அறுவடை முடிந்தது. நம் நாலு மா நிலத்தில் இந்த ஆண்டு கண்டுமுதல் நெல் மோசமில்லை.

கேட்ட தாளை இணைத்திருக்கிறேன். நம் ஆட்களின் கோடுகளைப் பல்கலைக்கழகம் படிக்கப்போகிறது என்று ஊர் மன்றத்தில் சொன்னேன். தற்குறி என்று நம்மை ஏசியவர்களின் பேரன்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

கதை உனக்குத் தெரியும், ஆனாலும் ஆராய்ச்சிக்கு உதவுமே என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் களத்தில் நெல்லைக் குவித்ததும் சாணிப்பாலால் அவரவர் குறியைக் குவியல்மேல் போட்டுவிட்டுப் போவார்கள். எவனும் தொடமாட்டான். மருதையனுக்கு நத்தை, வைரக்கண்ணுவுக்கு ஏணி, இராஜாங்கத்துக்கு மூன்று புள்ளி, வீரையனுக்கு அரிவாள். எழுபத்தொன்றில் குத்தகைக்காரர் பெயரைப் பதியலாம் என்று அரசு சட்டம் போட்டபோது, நம் தெருவில் மனு எழுதினோம். களத்திலேயே உட்கார்ந்து பத்தொன்பது பேரும் அதே குறியைத் தாளில் போட்டார்கள். நான் போய்க் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து விசாரணையில் பார்த்தால், குறிகளுக்கு மேலே "நாங்கள் குத்தகைக்காரர்கள் அல்ல, கூலிக்காரர்கள், நிலத்தில் எங்களுக்குப் பாத்தியதை இல்லை" என்று இருந்தது. நிலத்துக்காரப் பண்ணை செய்த சூது.

அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இது உன் குறியா என்று கேட்டார். நம் ஆட்களுக்குப் பொய் வராது. ஆமாம் என் குறிதான் என்று பதினெட்டுப் பேர் சொன்னார்கள். அத்தோடு கேஸ் போயிற்று. வீரையன் மட்டும் நான் போட்டதில்லை என்றான். யாரும் நம்பவில்லை. அவன் பெண்சாதி ஞானாம்பாளே, அவர் குறிதான் என்று சாட்சி சொன்னாள். அதற்குப் பிறகு அவன் ஊரில் நிற்கவில்லை. செங்கல் சூளையில் செத்தான் என்று சேதி வந்தது. நல்ல அறுப்புக்காரன், இடது கைக்காரன். அவனுக்குப் பக்கத்தில் நின்று அறுக்கவே பயப்படுவோம்.

இப்போது நிலப் பதிவேட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் ஆட்சேபணை சொல்லலாமாம். அதற்குப் பிறகு பண்ணை வாரிசுகள் விற்றுவிடுவார்கள். நம்மிடம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா அரசப்பன்
[கொக்குக்கால் குறி]


ஹைதராபாத்
20.3.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அம்மாவை மத்தியானத்தில் களை பறிக்க விடாதீர்கள்.

தாள் வந்த அன்று அறையில் எல்லோருக்கும் காட்டினேன். நத்தையை ஒரு பெங்காலிப் பெண் காதலித்தே விட்டாள். ஆனால் என் புரோகிராம் மானத்தை வாங்குகிறது. குறிகளைக் கை வாரியாகப் பிரி என்றால், பத்தொன்பதையும் ஒரே கூட்டத்தில் போடுகிறது. ஒரே கை போட்டதாம். பேராசிரியர் சிரிக்கிறார்.

அது எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். வரப்பில் நண்டு என்று ஒருவன் எழுதி வைத்தால் அது ஒன்று. நண்டு நடந்துபோன தடம் வேறு. ஒரு குறியில் இரண்டும் இருக்கிறது. அரிவாள் என்றால் வீரையன் என்பது நாம் ஊராகப் பேசிவைத்தது. கோடு எங்கே தடித்துத் தொடங்கி எங்கே மெலிந்து முடிகிறது என்பது கையின் தடம். என் புரோகிராம் தடத்தை மட்டும் பார்க்கும்.

தப்பு எங்கே என்று தேட, விடுதியில் வேலை செய்யும் இருபது பேரிடம் குறி வாங்கிக் கொடுத்தேன். இருபதையும் சரியாகப் பிரித்துவிட்டது. நம் தாளில் மட்டும் ஏன் இப்படி? யாராவது பார்த்துக் கையால் படியெடுத்த தாளா இது?

வேம்பு


கூத்தன்குடி
4.4.1997

வேம்புக்கு,

சுகம். உளுந்து எடுத்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் இல்லை, மாட்டுக்குக் கூடக் குழாயடிதான்.

படியெடுத்த தாள் இல்லை. இருபத்தாறு வருடத் தாள், மை மங்கியிருக்கும், இயந்திரத்துக்கு என்ன தெரியும். பேராசிரியர் சிரிக்கிற வேலையைக் கட்டிக்கொண்டு அழாமல் வேறு ஏதாவது எடுத்துச் செய். கோயில் சிற்பத்தில் எத்தனையோ குறி இருக்கிறது. தாராசுரம் போனால் ஒரு நாளில் நூறு கிடைக்கும்.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா


ஹைதராபாத்
18.4.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு என்ன? இந்தக் கடிதத்தில் கொக்குக்காலைக் காணோம். பள்ளிக்கூட விடுதிக்கு எழுதிய காலத்திலிருந்து நீங்கள் மறந்ததில்லை.

உட்கார்ந்து படியுங்கள். புரோகிராமில் தப்பில்லை. நீங்களே பிப்ரவரியில் எழுதினீர்கள், வீரையன் மாமா இடது கைக்காரர் என்று. இடது கைக்காரர் வளைவு போட்டால் கை போகிற போக்கே வேறு. இங்கே இரண்டு இடது கைக்காரர்களைப் போடச் சொல்லிப் பார்த்தேன். தாளில் இருக்கும் அரிவாள் வலது கை போட்டது. அவர் சொன்னது உண்மை, அப்பா. அவர் போடவில்லை. அவர் மட்டுமில்லை, யாருமே போடவில்லை. பத்தொன்பதையும் எவனோ ஒருவன் உட்கார்ந்து போட்டிருக்கிறான்.

களத்தில் குறி போட்ட நினைவு எல்லோருக்கும் இருந்ததால், காட்டிய தாளில் தன் குறியைப் பார்த்ததும் ஆமாம் என்றுவிட்டார்கள். குறி எதைச் சொல்கிறது என்று பார்த்தார்கள். யார் கை என்று யார் பார்ப்பார்கள்? உங்கள் மனுவை ஒளித்துவிட்டு வேறு தாளில் போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் வாசலில் மனு எழுதும் சாரங்கபாணி பண்ணையின் ஆள் என்று சொல்வீர்களே, அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஆட்சேபணை மனுவுக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதோ இருக்கிறது. நிலம் திரும்ப வரும். ஞானாம்பாள் அத்தையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சாரங்கபாணி எழுதிய தாள் ஏதாவது அனுப்புங்கள். உடனே பதில் எழுதுங்கள்.

வேம்பு


ஹைதராபாத்
26.5.1997

அப்பா,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் சுகமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

வக்கீலுக்கு எழுதி, சாரங்கபாணியின் பழைய மனுக்களை வாங்கினேன். அவர் கை இல்லை. வேறு கைகளையும் கலந்து கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. சம்பந்தமில்லாத கைகள் வேண்டும், அப்போதுதான் புரோகிராம் ஏமாறுகிறதா என்று தெரியும். மேஜையில் உங்கள் கடிதங்கள் இருந்தன. அடியில் இருக்கும் கொக்குக்கால்களை வெட்டி எடுத்துக் கொடுத்தேன். சும்மா கொடுத்தேன்.

அது உங்கள் குறிகளைக் கொண்டுபோய் அந்தப் பத்தொன்பதோடு வைத்துவிட்டது.

நான்கு முறை செய்தேன். உங்கள் குறியில் கோடு முடிகிற இடத்தில் பேனாவைத் தூக்காமல் ஒரு சின்னக் கொக்கி இழுப்பீர்கள். நத்தையில் அது இருக்கிறது. ஏணியில் இருக்கிறது. வீரையன் மாமா அரிவாளில் இருக்கிறது. இப்போது எனக்குப் புரோகிராமே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது.

நீ நினைக்கிற மாதிரி இல்லை என்று எழுதுங்கள் அப்பா. ஒரு வரி போதும், நம்பிவிடுவேன்.

வேம்பு


கூத்தன்குடி
10.6.1997

வேம்பு கண்ணுக்கு அம்மா எழுதுறது

நான் தான் எழுதுறேன். அறிவொளி கிளாசுல படிச்சது. தப்பு இருந்தா சிரிக்காதே. உடம்பு எப்படி இருக்கு. எனக்கு முழங்கால் தேவலை.

அப்பா சரியா சாப்பிடறது இல்லை. மன்றத்துக்குப் போறது இல்லை. முடிகொண்டான் ஆத்துப் படிக்கட்டுல போயி உக்காந்துகிட்டு வெறும் மணலைப் பாக்குது. உன் கடுதாசி சட்டைப் பையிலயே கிடந்துச்சு. துவைக்க எடுத்தப்ப பாத்தேன். எனக்குப் படிக்கத் தெரியும்ங்கறது அதுக்கு மறந்து போச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்க ரெண்டு நாள் ஆச்சு.

நீ கைக்குழந்தை அப்ப. அந்த வீரையன் ஊரை விட்டுப் போன அன்னைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு. அரசப்பா, நீயாவது சொல்லு, அது நான் போட்டது இல்லைன்னு, அப்படின்னு கேட்டுச்சு. உங்கப்பா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுகிட்டே இருந்துச்சு. திரும்பல. நான் அப்ப வீரையனத்தான் குடிகாரன்னு நினைச்சேன்.

நேத்து அதுகிட்ட கேட்டுட்டேன். நீதானான்னு. துண்டை எடுத்துகிட்டு ஆத்துப் பக்கம் போயிடுச்சு. உனக்கு எழுதும்னு நினைக்கிறேன்.

தங்கம்மாள்


கூத்தன்குடி
29.6.1997

மகள் வேம்புக்கு,

என் கைதான்.

சூது செய்யவேண்டும் என்று போடவில்லை, இதை மட்டும் நம்பு. களத்தில் எல்லோரும் குறி போட்ட மனுவை மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். அன்றுதான் கடைசி நாள். ஆற்றில் மூங்கில் பாலத்தில் கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். கரையேறிப் பிரித்தால் தாள் முழுக்க நீலம். ஒரு குறி தெரியவில்லை. திரும்பி வந்து சொல்ல வெட்கம். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்று என்னை நம்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆபீஸ் வாசலில் சாரங்கபாணி இருந்தார். அவர் பண்ணைக்கு வேண்டியவர் என்று எனக்கு அப்போது தெரியாது. "அவங்க குறி உனக்குத் தெரியாதா? வெறுந்தாள்ல கீழ போட்டுக் குடுத்துட்டுப் போப்பா. மேல நான் எழுதிக் குடுத்துடறேன். உனக்குத் தனித்தாள், நீ கையெழுத்துக்காரன்" என்றார். மரத்தடியில் உட்கார்ந்து பத்தொன்பதையும் போட்டேன். தினமும் குவியலில் பார்த்த குறிகள். ஒன்றுகூட யோசிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் மேலே என்ன எழுதினார் என்று தெரிந்தது. அடிக்கப் போனேன். சிரித்தார். வெளியில் சொன்னால் கள்ளக் குறி போட்டதற்கு நீதான் ஜெயிலுக்குப் போவாய், சொல்லாவிட்டால் உன் நாலு மாவைப் பண்ணை தொடாது என்றார். கையில் நீ இருந்தாய். விசாரணையில் ஒவ்வொருவராக ஆமாம் என்று சொல்லச் சொல்ல, இதோ எழுந்திருக்கிறேன், இதோ எழுந்திருக்கிறேன் என்று இருந்தேன். பத்தொன்பது பேரையும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

நம் நிலம் மட்டும் ஏன் தப்பியது என்று கேட்டவர்களிடம், நான் படித்தவன், என்னை ஏமாற்ற முடியவில்லை என்றேன். நீங்களும் படியுங்கள் என்று மேடையில் பேசினேன். கைதட்டினார்கள்.

உன் கடிதத்தில் அரிவாளைப் பற்றி எழுதியிருந்தாயே. வீரையனுடையதை இடக்கையால் போடவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அரசப்பன்


ஹைதராபாத்
13.7.1997

அப்பா,

சுகம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

எழுதிக் கிழித்தது ஏழு தாள். உங்களைத் திட்டுவேன், பிறகு நீங்கள் ஆற்றில் விழுந்து எழுந்து அந்தத் தாளைப் பிரிக்கிற இடம் வந்துவிடும், அழுவேன். ஆனால் ஆற்றில் விழுந்தது ஒரு நாள். வாயைத் திறக்காமல் இருந்தது இருபத்து நான்கு வருடம். வீரையன் மாமா நம் வாசலில் நின்றார் என்று அம்மா எழுதியது. அதை நீங்கள் எழுதவில்லை.

அந்த நாலு மாவில்தான் நான் படித்தேன். நான் எழுதிய புரோகிராமும் அந்த நெல்தான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அறிக்கையை எழுதிவிட்டேன். பத்தொன்பது குறியும் ஒரே கை, யாருடைய கை என்பதும் இருக்கிறது. பேராசிரியரும் கையெழுத்திட்டிருக்கிறார். வக்கீலுக்கு நேரே அனுப்பக் கவரை ஒட்டினேன், பெட்டியில் போட முடியவில்லை. நான் கோழை, அப்பா, உங்கள் மகள்தான். அதனால் இத்துடன் வைத்திருக்கிறேன். இருப்பது இது ஒன்றுதான், நகல் எடுக்கவில்லை. அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியாது. கொடுத்தால் தெருவுக்கு நிலம் திரும்ப ஒரு வழி கிடைக்கும், உங்களுக்குத் தெருவே இருக்காது.

ஆகஸ்ட் 31 கடைசி நாள்.

வேம்பு


கூத்தன்குடி
3.9.1997

வேம்பு கண்ணுக்கு அம்மா எழுதுறது

நாங்க இருக்கோம். நீ சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்காதே.

போன வெள்ளிக்கிழமை விசாரணை நடந்துச்சு. உன் தாளை உங்கப்பா அடுப்புல போடல. தெருக்காரங்களைக் கூட்டிகிட்டு அதுவே எடுத்துட்டுப் போயி வக்கீல்கிட்ட குடுத்துச்சு. என்ன தாள்னு யாருக்கும் சொல்லல. ஆபீசர் படிச்சுப் பாத்துட்டு, கம்ப்யூட்டர் சொல்றதை வச்சு என்ன பண்ணறது, இந்தக் கைக்காரர் யாருன்னு கேட்டாரு. உங்கப்பா எழுந்திருச்சு. ஒரு வெள்ளைத்தாள் கேட்டுச்சு. உக்காந்து அந்தக் குறிங்களைப் போட ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு ஒண்ணாப் போட்டு யாருதுன்னு பேரு சொல்லிச்சு. மருதையன். வைரக்கண்ணு. இராஜாங்கம். அந்தப் பத்தொம்பது பேருல பதினாலு பேரு இப்ப இல்லை. பழைய தாளைப் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ஒரு வித்தியாசம் இல்லை. மருதையன் மகன், எங்கப்பன் குறி போட்டுக் குடுத்துட்டான்னு சாகறவரைக்கும் ஏசுனேனேன்னு சுவத்துல தலையை முட்டிகிட்டான்.

அரிவாள் கடைசி. அதைப் போடறப்ப பேனாவை இடது கைக்கு மாத்திச்சு. போட வரல. ரெண்டு தரம் முயற்சி பண்ணிட்டுப் பேனாவை வச்சிடுச்சு.

ஆட்சேபணையை எடுத்துகிட்டாங்க. புதுசா விசாரிக்கணும்னு எழுதியிருக்காரு. அதுவரைக்கும் விக்கக் கூடாதாம். உங்கப்பா மேல என்ன போடுவாங்கன்னு வக்கீலுக்கே தெரியல. தெருவுல யாரும் எங்ககூடப் பேசறது இல்லை. நம்ம நாலு மாவுல நாத்து நடவு பாதியில நிக்குது, ஆள் வரல. நானும் அதுவும் நடறோம். நான் அதுகூடப் பேசறது இல்லை. ஆனா சோறு போடறேன்.

ஞானாம்பாளும் அன்னைக்கு ஆபீசுக்கு வந்திருந்துச்சு. பஸ்சுல எனக்கு முன்னாடி சீட்டுல உக்காந்து வந்துச்சு. இன்னைக்குக் காலையில வாசல்ல வந்து நின்னுச்சு. உங்கப்பா உள்ள போயிடுச்சு. திட்டத்தான் வந்திருக்குன்னு நினைச்சேன். மடியிலேர்ந்து ஒரு கருக்கரிவாளை எடுத்துக் கீழ வச்சுச்சு. பழசு. துரு ஏறிப் போச்சு. இடது கைக்குன்னு பட்டறையில சொல்லி அடிச்சது. பல்லு மறுபக்கம் இருக்கு. பிடியில கட்டைவிரல் தேஞ்ச குழியும் மறுபக்கம் இருக்கு.

"அவரு படம் எங்கிட்ட இல்ல தங்கம்மா. அந்தத் தாள்ல இருந்த குறிதான் அவருன்னு இருந்தேன். அவரு நான் போடலன்னு சொன்னப்ப, எங் கண்ணு பொய் சொல்லுமான்னு கேட்டேன். ஒம் மக மிசின்ல இதையும் வச்சுப் பாக்கச் சொல்லு. இதாவது அவரு கைதானான்னு கேட்டுச் சொல்லு. எங் கண்ணை இனிமே நான் நம்பமாட்டேன்" அப்படின்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

அரிவாளைத் துடைச்சுச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். இரும்பைப் பார்சல்ல எடுத்துக்குவாங்களா, இல்லை நீயே வர்றியான்னு எழுது.

தங்கம்மாள்